கைப்பிடிக்குள் ஓர் இயந்திரம்



இலக்கியமும் வரலாறும் கற்பித்துத் தலை நரைத்த பாடசாலை அதிபர் ஒருவர் இயந்திரங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களிற் சிலர் வியக்கக்கூடும். வியப்பதில் நியாயம் உண்டு. நான் கலைப் பட்டதாரி. திருகாணியை எப்பக்கம் திருப்பினால் இறுகும் என்பதைக்கூட இருமுறை எண்ணிப் பார்த்தே சொல்ல வேண்டியவன். ஆயினும் ஓர் இயந்திரம் என் கண்முன்னே மடிந்ததையும், அது மடிந்த காரணத்தை ஒரு முதியவர் மேசைமீது பரப்பி வைத்து விளக்கியதையும் கண்டவன் என்ற அளவில் உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

2023ஆம் ஆண்டுக் கோடையில் விடுப்பெடுத்து, ஜேர்மனியில் வாழும் என் தமக்கையின் மகனிடம் சென்றிருந்தேன். பண்டகசாலை ஒன்றில் இரவு வேலை செய்பவன். சனி, ஞாயிறுகளில் அவனை வீட்டிற் காண முடியாது. ஊர்ப்புறத்தே வயல்களுக்கு நடுவில் அமைந்த ஒரு மண் ஓட்டப்பாதையில், வானொலி அலைகளால் இயக்கப்படும் சிறு கார்களை ஓட்டிப் போட்டியிடும் கழகம் ஒன்றில் அவன் அங்கத்தவன். என்னையும் அழைத்துச் சென்றான்.

விளையாட்டுப் பொருள் என்று எண்ணிப் போன நான், அதன் ஓசையைக் கேட்டதும் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். உண்மைக் காரின் எட்டிலொரு பங்கு அளவில் செய்யப்பட்ட வண்டி அது. நீளம் ஏறத்தாழ அரை மீற்றர். நேர்ப்பாதையில் மணிக்கு 70 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் பாய்ந்து, மண்மேடுகளில் ஏறி, ஆகாயத்தில் எழும்பி, மீண்டும் நிலத்தில் விழுந்து ஓடியது. அதனை இயக்கும் இயந்திரம் என் உள்ளங்கையில் அடங்கிவிட்டது. அதன் கொள்ளளவு 3.5 கன சென்ரிமீற்றர், அஃதாவது ஒரு தேக்கரண்டி நீரிலும் குறைவு. இந்தச் சிறு அறைக்குள் நிமிடத்துக்கு 30,000 சுழற்சிகளும் அதற்கு மேலும் நிகழ்கின்றன. இரண்டடிப்பு இயந்திரமாதலால் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு தகனம் உண்டு. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு விநாடியில் 500 தகனங்கள். நான் "ஒன்று" என்று சொல்லி முடிப்பதற்குள் முசலம் 500 முறை ஏறி 500 முறை இறங்கிவிடுகிறது.

இவ்வகை இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. மின்சாரம் கொண்டு பொறியை எழுப்பும் பிளக்குக்குப் பதிலாக, பிளாற்றினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று உருளையின் தலையில் இருக்கிறது. இதனைக் குளோ பிளக் என்பர். இயந்திரத்தைக் கிளப்பும்போது மாத்திரம் சிறு மின்கலம் ஒன்றால் அந்தச் சுருளைச் சிவக்கக் காய்ச்சுவார்கள். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் மின்கலத்தை எடுத்துவிடுவார்கள். அதன்பின் மெதனோல் ஆவி பிளாற்றினத்தில் படும்போது நிகழும் இரசாயனத் தாக்கமும் முந்தைய தகனத்தின் சூடும் சேர்ந்து சுருளை அணையாமற் காக்கின்றன. அமெரிக்கரான றே ஆர்டன் என்பவர் 1947இல் இந்தப் பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதலில் அது மாதிரி விமானங்களுக்கே பயன்பட்டது. கார்கள் பின்னர் வந்தன. அமெரிக்காவில் இப்போட்டிகளுக்கான சங்கம் 1967இல் தோன்றியது. 1977இல் கலிபோர்ணியாவின் பொமோனா நகரில் முதலாவது உலகப் போட்டி நடைபெற்றது. யப்பானில் ஒசாக்கா நகரில் ஷிகேயோ ஒகாவா 1936இல் தொடங்கிய ஓ.எஸ். நிறுவனம் இன்றும் இத்தகைய இயந்திரங்களைச் செய்து வருகிறது.

எரிபொருளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஏனெனில் இந்தக் கதை முழுவதும் அதிலேதான் தங்கியிருக்கிறது. மெதனோல், நைத்திரோமெதேன், எண்ணெய் என்னும் மூன்றும் கலந்த திரவம் அது. நைத்திரோமெதேனை ஒரு கிலோகிராம் எடுத்து எரித்தால் வெளிவரும் வெப்பம், அதே நிறைப் பெற்றோலின் வெப்பத்தில் கால்வாசி அளவுதான். அப்படியானால் அதனை ஏன் சேர்க்கிறார்கள்? அந்தப் பொருள் தன்னுள்ளேயே ஒட்சிசனைச் சுமந்து வருகிறது. ஒரு பங்கு பெற்றோல் முழுமையாய் எரிய ஏறத்தாழ 15 பங்கு காற்று தேவை. மெதனோலுக்கு ஆறரைப் பங்கு போதும். நைத்திரோமெதேனுக்கோ இரண்டு பங்குகூட வேண்டியதில்லை. ஆகவே உருளை ஒருமுறை உள்ளிழுக்கும் காற்றைக் கொண்டு பன்மடங்கு எரிபொருளை எரிக்க முடிகிறது. வலு அங்கேதான் பிறக்கிறது. முன்னர் நூற்றுக்கு 25 பங்கு வரையில் அதனைக் கலந்து ஓட்டியவர் பலர். வெடிபொருள் செய்யவும் அது உதவும் என்ற காரணத்தால், 2021 பெப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நூற்றுக்கு 16 பங்குக்கு மேல் நைத்திரோமெதேன் கொண்ட எரிபொருள் பொதுமக்களுக்கு அனுமதிப்பத்திரமின்றிக் கிடைப்பதில்லை. என் மருமகன் ஓட்டியது 16 பங்கு கலந்த எரிபொருளே.

மூன்றாவது பொருளாகிய எண்ணெயைச் சிலர் பொருட்படுத்துவதில்லை. இவ்வியந்திரத்தில் எண்ணெய்க்கெனத் தனித் தொட்டி கிடையாது. ஆமணக்கெண்ணெயோ செயற்கை எண்ணெயோ இரண்டுமோ எரிபொருளோடு கலந்தே உள்ளே வருகிறது. அதுவே முசலத்துக்கும் தாங்கிகளுக்கும் மசகு. மெதனோல் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து குளிர்ச்சியும் தருகிறது. எரிபொருளைக் குறைத்தால் என்ன நடக்கும்? தீனி குறையும், மசகு குறையும், குளிர்ச்சியும் குறையும். மூன்றும் ஒரே கணத்தில் குறையும்.

அதனைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது காபுரேட்டரில் உள்ள ஊசி. வலப்புறம் திருப்பினால் எரிபொருள் குறைந்து கலவை மெலிகிறது. இடப்புறம் திருப்பினால் கலவை செறிகிறது. மெலியச் செய்யச் செய்ய, ஓர் எல்லை வரையில், இயந்திரம் கூர்மையாகப் பாய்கிறது. அந்த எல்லையைத் தாண்டிய பின்னும் சில சுற்றுகள் பாயத்தான் செய்கிறது. இளைஞர் ஏமாந்துபோவது அந்தச் சில சுற்றுகளில்தான்.

சனிக்கிழமை பிற்பகல் வெயில் கடுமையாக இருந்தது. என் மருமகன் தகுதிகாண் ஓட்டத்துக்காக ஊசியைச் சிறிது சிறிதாக வலப்புறம் திருப்பி, வண்டி மிக வேகமாக ஓடும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தான். அன்றிரவு இடியுடன் மழை பெய்தது. ஞாயிறு காலை நான் சால்வை போர்த்துக்கொள்ள வேண்டிய அளவுக்குக் குளிர். கழகத்தின் மூத்த அங்கத்தவர் ஒருவர், கடைசல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் மேசையருகே வந்து ஊசியை இடப்புறமாகச் சற்றே திருப்பிவைக்கும்படி சொன்னார். என் மருமகன் வெப்பமானியை நீட்டிக் காட்டினான். உருளையின் தலை 105 பாகை. விதிப்படி 100க்கும் 125க்கும் இடைப்பட்ட சூடு நல்லது என்பார்கள். இதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்பது அவன் வாதம்.

"மாமா, சத்தத்தைக் கேளுங்கோ, என்ன வடிவாய் இருக்குது!" என்றான் என்னிடம்.

எனக்கு அந்தச் சத்தம் வடிவாய்த் தோன்றவில்லை. காரணத்தைச் சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடையாமற் போனபோது, நாங்கள் மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டியவர்கள். சிறு மருந்துப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்பி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வண்டி நின்றுவிடப்போகிறதா இல்லையா என்பதைச் சத்தத்தையும் புகையையும் கொண்டே அறிந்தோம். வேறு கருவி எது இருந்தது? என் மருமகனின் வண்டியிலிருந்து புகை வரவேயில்லை. வறண்ட, கீச்சிடும் ஓசை ஒன்று வந்தது. ஆனால் நானோ விருந்தாளி. பேசாதிருந்தேன். அதனை இன்றும் எண்ணி வருந்துவதுண்டு.

இறுதிப் போட்டியில் அவன் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தான். எரிபொருள் தாங்கி 125 கன சென்ரிமீற்றர் மாத்திரமே கொள்வதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை வண்டி ஒதுக்கிடத்துக்கு வரவேண்டும். எரிபொருளைப் பீய்ச்சி நிரப்பிவிடுவார்கள். இரண்டாவது நிரப்பலுக்குப் பின், நேர்ப்பாதையின் முடிவில் வண்டி ஒருமுறை தயங்கியது. அடுத்த சுற்றில் மறுபடியும் தயங்கியது. மூன்றாம் சுற்றில் நின்றுவிட்டது. கையாற் சுழற்றிப் பார்த்தபோது உள்ளே ஏதோ உடைந்து கிலுகிலுத்தது. ஆறு மாதங்களாகச் சிறுகச் சிறுக மிச்சம் பிடித்த பணத்தில் வாங்கிய இயந்திரம். அவன் ஒன்றும் பேசவில்லை. வண்டியைத் தூக்கி மேசைமீது வைத்துவிட்டு, அதற்கு முதுகு காட்டி நின்றான்.

அந்த முதியவர் திட்டவில்லை. "நான் சொன்னேனே" என்றும் சொல்லவில்லை. இயந்திரத்தைக் கழற்றினார். முதலில் பிளக்கை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நல்ல பிளக்கின் சுருள் ஈரப்பசையோடு மினுமினுக்கும். இதன் சுருளோ சாம்பல் நிறமாய், உறைபனி படிந்தாற்போல் மங்கி, வடிவம் குலைந்திருந்தது. அடுத்து உருளைத் தலையின் உட்பக்கம். மிளகைத் தூவி அழுத்தினாற்போல் புள்ளி புள்ளியாகக் குழிகள். வேளைக்கு முன்னரே கலவை வெடித்து அடித்த அடிகள் அவை. முசலத்தில், புகை வெளியேறும் வாயிலின் பக்கமாக நீளக் கீறல்கள். அப்பக்கமே மிகவும் சூடாவது. அங்கே மசகு வறண்டு உலோகம் உலோகத்தோடு உரைந்திருக்கிறது. கீழே இணைப்புத்தண்டு இரண்டாக முறிந்து கிடந்தது.

"105 பாகைதானே காட்டியது?" என்று நான் கேட்டேன். மருமகன் மொழிபெயர்த்தான்.

அதற்கு அவர் தந்த விளக்கந்தான் அந்தப் பயணத்தில் நான் கற்ற அரும்பாடம். குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. அதே அளவு வாயில் வழியாக அதிக ஒட்சிசன் உள்ளே போகிறது. ஊசி வெயில் நாளில் வைத்த இடத்திலேயே இருந்தால், காற்று கூடியும் எரிபொருள் கூடாமலும் கலவை தானாகவே மெலிந்துபோகும். குளிர் நாளில் இயந்திரம் வெந்துபோவது இப்படித்தான். வெப்பமானியோ உருளைத் தலையின் வெளிப்புறச் சூட்டைத்தான் காட்டும். அந்த வெளிப்புறத்தைக் குளிர்காற்று தழுவிக் குளிரவைத்துக்கொண்டேயிருக்கும். உள்ளே தீ, வெளியே குளிர்ச்சி. 105 என்ற எண் பொய்யன்று. ஆனால் அது நேற்றைய 105 அன்று. நம் நாட்டைப் போன்று வெப்பமும் ஈரமும் மிக்க இடத்தில் இதற்கு எதிர்மாறு. அங்கே காற்று மெலிவதால் ஊசியைச் சற்று வலப்புறம் திருப்ப வேண்டி வரும்.

அப்படியானால் எதைத்தான் நம்புவது? ஒன்றை மாத்திரம் நம்பாதே என்றார் அவர். வண்டி நேர்ப்பாதையில் முழுவேகம் கொள்ளும்போது மெல்லிய நீலப்புகை தொடர வேண்டும். புகை தடித்து, வண்டி மூச்சுத் திணறினால் கலவை செறிவு. புகையே இல்லாமல், நேர்ப்பாதையின் முடிவில் வலு குறைந்தால் மெலிவு. வண்டியை நிறுத்தியதும் ஓசை உடனே தாழ வேண்டும். உயர்ந்தே நின்று பின்னர் மெல்ல இறங்குமாயின் அதுவும் மெலிவின் அடையாளமே. அதன்பின் பிளக்கைப் பார், வெப்பமானியைப் பார். வெப்பமானி இல்லாத காலத்தில் உருளைத் தலையில் ஒரு துளி நீர் விட்டுப் பார்த்தார்களாம். மூன்று நான்கு விநாடிகளில் கொதித்து வற்றினால் நலம். பட்டவுடன் துள்ளித் தெறித்தால் நிறுத்து. தோசைக்கல்லில் நீர் தெளித்துச் சூடு பார்க்கும் நம் தாய்மாருக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஊசிகள் உண்மையில் இரண்டு. உயர்வேகத்துக்கு ஒன்று, தாழ்வேகத்துக்கு ஒன்று. வெறுமனே நின்று ஓடும் வேகத்தை நிறுத்திவைக்க ஒரு திருகாணி வேறு உண்டு. இயந்திரம் நன்றாகச் சூடேறிய பின்னரே இவற்றைத் தொடவேண்டும். முதலில் உயர்வேக ஊசி, அதன்பின் மற்றையது. ஒருமுறைக்கு ஒரு மணிக்கூட்டு முகப்பில் ஒரு மணி நேரத்துக்குரிய தூரம், அஃதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று. அதற்குமேல் திருப்புகிறவன் தேடுகிறவன் அல்லன், சூதாடுகிறவன் என்று முதியவர் சொன்னதாக மருமகன் மொழிபெயர்த்தான். தாழ்வேக ஊசியைச் சோதிக்க எளிய வழி ஒன்றும் காட்டினார். வண்டி நின்று ஓடும்போது எரிபொருட் குழாயை விரல்களாற் கிள்ளிப் பிடிக்க வேண்டும். ஓசை சிறிது உயர்ந்து, இரண்டு முதல் நான்கு விநாடிகளில் அடங்கினால் சரியான நிலை. உயராமலே உடனே அடங்கினால் மெலிவு. நெடுநேரம் ஓடி, மிக உயர்ந்து பின் அடங்கினால் செறிவு. சோதனை ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு விடை தந்தால் ஊசியில் கை வைக்காதே. எங்கோ காற்றுக் கசிகிறது, காபுரேட்டரின் அடிப்பாகத்தையும் தாங்கியின் மூடியையும் பார் என்றார்.

இதுவரை ஊசியைப் பற்றிப் பேசினேன். இயந்திரங்கள் இறப்பதற்கு வேறு வழிகளும் உண்டு. மண்பாதையில் ஓடும் வண்டிக்குத் தூசி பெரும் பகை. காற்று வடிகட்டியின் பஞ்சுநுரையைக் கழுவி, உலர்த்தி, அதற்குரிய எண்ணெயைப் பரவலாக ஊறவைத்தே பூட்ட வேண்டும். உலர்ந்த நுரை நுண்டூசியைத் தடுக்காது. அப்படி நுழையும் தூசி எண்ணெயோடு குழைந்து அரத்தூளாகி முசலத்தைத் தேய்த்துவிடும்.

புதிய இயந்திரத்தைப் பழக்குவதும் தனிக்கலை. அலுமினிய முசலம் ஓடும் உருளை, குரோமியம் பூசிய பித்தளையால் ஆனது. அதன் உட்புறம் நேரானதன்று. மேலே போகப் போக மயிரிழையளவு ஒடுங்குகிறது. குளிர்ந்திருக்கும்போது முசலம் உச்சியில் இறுகி நின்றுவிடும். சூடேறியதும் பித்தளை விரிந்து இரண்டும் அளவாய்ப் பொருந்தும். குளிர்ந்த இயந்திரத்தை வலிந்து சுழற்றினால் அந்த ஒடுக்கமே தேய்ந்து போகும். அதற்காகவே கிளப்புமுன் தலைமயிர் உலர்த்தும் கருவியால் உருளைக்குச் சூடேற்றுகிறார்கள். முதல் சில தாங்கி எரிபொருளைச் செறிந்த கலவையில் ஓட்டி, இடையிடையே ஆறவிட்டு, மறுபடி ஓட்டுகிறார்கள். இதற்கு ஒரு முழுநாள் போனாலும் போகும்.

மெதனோலின் அபாயத்தைக் கூறாமற் போவது முறையன்று. கலப்படக் கசிப்பைக் குடித்துக் கண் இழந்தவர்களைப் பற்றி நாம் பத்திரிகைகளிற் படித்திருக்கிறோம். அதே மெதனோல் இது. தோல் வழியாகவும் உடலிற் சேரும். பட்டப்பகலில் அதன் சுவாலை கண்ணுக்குப் புலப்படாது. கையுறையின்றித் தொடவேண்டாம். சிறுவர் கைக்கு எட்ட வைக்கவேண்டாம். குடிநீர்ப் போத்தலில் ஒருபோதும் ஊற்றவேண்டாம்.

இன்று மின்கலத்தால் ஓடும் கார்கள் பெருகிவிட்டன. ஊசியும் இல்லை, புகையும் இல்லை. அவை வேகத்திலும் குறைந்தவையல்ல. அந்தக் கழகத்திலும் பாதிப்பேர் அவற்றுக்கு மாறிவிட்டார்கள். இனியும் இந்தத் தொல்லை எதற்கு என்று மருமகனைக் கேட்டேன். தோற்ற அன்றே கேட்டிருக்கக்கூடாத கேள்வி. இரண்டு நாள் கழித்து, இரவு வேலைக்குப் புறப்படும்போது பதில் சொன்னான்: "மாமா, அது கதைக்கும். நான்தான் கேக்கேல்லை."

நான் திரும்புவதற்கு முந்திய வாரம், பழைய இயந்திரம் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கிவந்தான். அந்த ஞாயிறும் குளிராகவே இருந்தது. ஊசியை இடப்புறம் திருப்பிவைத்து ஓட்டினான். புகை மெல்லிய நூலாய்த் தொடர்ந்தது. ஆறாவதாக வந்தான். மாலையில் மற்றவர்கள் வண்டிகளைக் கட்டிக்கொண்டிருக்க, அவன் தாங்கியில் மிஞ்சிய எரிபொருளை வடித்துவிட்டு, குழாயில் எஞ்சியதை ஓட்டியே தீர்த்தான். மெதனோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. நைத்திரோ எரிந்த மிச்சத்தில் அமிலத்தன்மை உண்டு. இரண்டும் உள்ளே தங்கினால் ஒரு வாரத்திலேயே பெயரிங்குகள் துருப்பிடிக்கும். எனவே காபுரேட்டர் வழியாகவும் பிளக்கின் துளை வழியாகவும் சில துளி காப்பெண்ணெய் விட்டு, கையாற் பல தடவை சுழற்றினான். கடைசியாக, சூடு ஆறுமுன் முசலத்தை அடித்தளத்துக்கு இறக்கி நிறுத்த வேண்டும். உச்சியில் நின்றால் உருளை ஆறிச் சுருங்கும்போது அதனைக் கவ்விக்கொள்ளும். ஆனால் மூடிய இயந்திரத்துக்குள் முசலம் எங்கே நிற்கிறது என்பதை எப்படி அறிவது? பிளக்கைக் கழற்றியிருந்த அந்த நேரத்தில் முசலத்தைச் சரியாகக் கீழே இறக்கிவிட்டு, பறப்புச் சில்லின் விளிம்பில் மேற்பக்கமாக ஓர் அடையாளம் இடச்சொன்னான். என் சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் வெள்ளை மைப் பேனையால், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்தப் புள்ளியை இட்டது நான்தான்.